அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டால்...

செகந்திராபாத்தின் பாரடைஸ் சந்திப்பிலிருந்து வடக்கே நாக்பூர் செல்லும் நெடுஞ்சாலையைப் பிடித்தால், சற்று நேரத்தில் போவன்பள்ளி வந்துவிடும். ஹைதராபாத்வாசிகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது மொத்தக் காய்கறிச் சந்தைதான். அழுகிய காய்களைக் கொட்டிவிடாமல் அவற்றிலிருந்து எரிவாயுவும் மின்சாரமும் எடுக்கும் ஆலையால் அந்தச் சந்தை நாடு முழுக்கப் பேர்பெற்றது. அதே போவன்பள்ளியின் மனோவிகாஸ் நகரில், 1984 முதல் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இயங்கிவருகிறது. என்.ஐ.எம்.எச். என்ற பெயரில் தொடங்கி, இப்போது என்.ஐ.இ.பி.ஐ.டி. என்று அழைக்கப்படும் அது, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம்.

தடகளத்தில் நல்ல கால்வேகம் காட்டிய ஒரு கிராமத்துப் பெண்ணைச் சில ஆண்டுகளுக்கு முன் இங்கேதான் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வாரங்கல் மாவட்டம் கல்லெடா அவருடைய ஊர். பெயர் தீப்தி ஜீவன்ஜி. பள்ளி மைதானத்தில் அவரது ஓட்டத்தைக் கண்டுகொண்டவர் உடற்கல்வி ஆசிரியர். ஹைதராபாத்துக்கு அழைத்து வந்து பயிற்சி கொடுத்தவர் நாகபுரி ரமேஷ். இந்தப் பெண்ணை போவன்பள்ளி நிறுவனத்தில் பரிசோதித்துப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர் பாட்மின்டன் பயிற்சியாளர் புல்லேலா கோபிசந்த். சோதனை ஒரே நாளில் முடியவில்லை. பல கட்டங்களாக நடந்து, அறிவுசார் குறைபாடு இருப்பது உறுதியான பிறகே மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேசப் போட்டிகளில் அவரால் ஓட முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலரும் செய்தித்தாளில் படித்திருப்பார்கள். 2023இல் ஹாங்ஜோவில் ஆசிய பாரா விளையாட்டு. 400 மீட்டரில் தங்கம். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் உலக சாம்பியன் பட்டம், 55.07 விநாடிகளில் உலக சாதனை. அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று பாரிஸ் பாராலிம்பிக்கில் 55.82 விநாடிகளில் ஓடி வெண்கலம். அறிவுசார் குறைபாடு உள்ள ஓர் இந்தியர் பாராலிம்பிக் பதக்கம் வென்றது அதுவே முதல் முறை.

ஓடத் தெரிந்த பெண்ணை ஓட விடுவதற்கு எதற்கு இத்தனை சோதனை? காரணம் சிட்னியில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு பாராலிம்பிக்கில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் அணி தங்கம் வென்றது. போட்டி முடிந்த சில வாரங்களில், அந்த அணியில் விளையாடிய ஒருவரே உண்மையைப் போட்டு உடைத்தார். பன்னிரண்டு வீரர்களில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் கிடையாது. தகுதிச் சோதனை என்று ஒன்று ஒழுங்காக நடக்கவே இல்லை.

பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஆனால் தண்டனை அத்தோடு நிற்கவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவையே பாராலிம்பிக் அமைப்பு நிறுத்தி வைத்தது. 2004 ஏதென்ஸிலும் 2008 பெய்ஜிங்கிலும் அவர்களுக்கு இடமில்லை. 2012 லண்டனில்தான் கதவு மறுபடி திறந்தது. ஓட்டக்காரர் ஒருவரின் நல்ல வயது எத்தனை ஆண்டுகள்? ஏமாற்றியவர்கள் வேறு யாரோ. அதற்கு உலகம் முழுவதும் இரண்டு பாராலிம்பிக்குகளை இழந்தவர்கள், ஏமாற்றத் தெரியாதவர்கள். நியாயத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கவே கூடாது. தீப்தி நாள்கணக்கில் உட்கார்ந்து பதில் சொன்ன சோதனைகளும் அந்த மோசடிக்குப் பிறகு இறுகிய விதிகளின் விளைவுதான்.

தீப்தியின் பெற்றோர் யாதகிரியும் தனலட்சுமியும் கூலித் தொழிலாளிகள். கொஞ்சம் நிலம் இருந்தது. கஷ்ட காலத்தில் அதையும் விற்றார்கள். குழந்தைக்கு உதட்டுப் பிளவு இருந்தது. வளர்ச்சியும் மெதுவாக இருந்தது. ஊரார் சிலர் அவளைப் பைத்தியம் என்றார்கள், குரங்கு என்றார்கள். அனாதை விடுதியில் விட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு மகள் அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாள் என்று தாய் பின்னாளில் பத்திரிகைகளிடம் சொன்னார். விடுதி யோசனையைப் பெற்றோர் ஏற்கவில்லை. விற்ற நிலத்தை மகளின் பரிசுப் பணம் மீட்டுக் கொடுத்தது. பாரிஸ் வெற்றிக்குப் பின் தெலங்கானா அரசு ஒரு கோடி ரூபாயும், குரூப்-2 நிலையில் வேலையும், வாரங்கலில் வீட்டு மனையும் அறிவித்தது.

இந்தக் கதை மனதை நிறைக்கிறது. கூடவே ஒரு சங்கடத்தையும் தருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவானவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். இவர்கள் அத்தனை பேரும் பதக்கம் வாங்கப்போவதில்லை; வாங்கவும் வேண்டியதில்லை. பதக்கம் வாங்காத பிள்ளையையும் ஊர் பைத்தியம் என்று கூப்பிடாமல் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம், பேருந்தில் இடம், வீட்டுப் பேச்சில் ஒரு குரல் வேண்டும்.

சாதாரணக் குடும்பம் ஒன்று அரசு மருத்துவமனையில் ஊனச் சான்றிதழுக்காக நிற்கும்போது நடப்பது என்ன? அறிவுத்திறன் அளவெண் பார்க்கிறார்கள்; 70க்குக் கீழ் என்றால் குறைபாடு. அது மட்டும் போதாது. சோறு தானே சாப்பிடுகிறானா, சட்டை போட்டுக்கொள்கிறானா, கடைக்குப் போய் வருகிறானா என்று அன்றாட வாழ்க்கைத் திறனையும் அளக்கிறார்கள். அந்த அளவுகோலில் 55 முதல் 69 வரை பெற்றால் 50 சதவீத ஊனம். 36 முதல் 54 வரை 75 சதவீதம். 21 முதல் 35 வரை 90. அதற்கும் கீழே 100. சட்டப்படியான பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் இருந்தாலே போதும். எனவே குறைபாடு லேசானது என்று சொல்லப்படும் பிள்ளைக்கும் உரிமை உண்டு. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

சான்றிதழ் கையில் இருந்தாலும் அதன் மதிப்பு மாநில எல்லையில் மாறிவிடுகிறது. மத்திய அரசின் ஊன ஓய்வூதியத்துக்கு 80 சதவீத ஊனமும் வறுமைக்கோட்டுக்குக் கீழான நிலையும் வேண்டும். 79 வயது வரை மாதம் 300 ரூபாய்தான். தமிழ்நாடு 2023 ஜனவரியில் பராமரிப்பு உதவித்தொகையை 2,000 ரூபாயாக்கியது. தெலங்கானா அதே ஆண்டில் 4,016 ரூபாயாக்கியது. ஆந்திரம் 2024இல் அடிப்படைத் தொகையையே 6,000 ரூபாயாக்கியது. ஒரே குறைபாடு, ஒரே செலவு, ஒரே தாயின் ஒரே தூக்கமற்ற இரவு. ஊருக்கு ஊர் இத்தனை வித்தியாசம் இருப்பதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

அறிவுசார் குறைபாடு நோய் அல்ல. மனநோய்க்கு மருந்து உண்டு; பலர் குணமாகி வேலைக்குப் போகிறார்கள். அறிவுசார் குறைபாடு பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ வருவது. வாழ்நாள் முழுக்கக் கூடவே இருப்பது. அதற்குத் தேவை கற்றுக்கொடுப்பதும் பழக்குவதும். ஆனால் 1912இன் வெள்ளையர் காலச் சட்டம் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துப் பைத்தியக்கார விடுதிக்கு வழிகாட்டியது. 1987இல் வந்த மனநலச் சட்டம்தான் அறிவுசார் குறைபாட்டை மனநோயின் வரையறையிலிருந்து வெளியே எடுத்தது. எழுபத்தைந்து ஆண்டுகள்! சட்டப் புத்தகத்தில் பிரிந்தாலும் தெருவில் இன்னும் பிரியவில்லை. இரு தரப்புக்கும் ஒரே வசவுதான் கிடைக்கிறது.

அடைத்து வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு தன் கண்ணாலேயே பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடியவர்கள் அல்ல. ஏர்வாடி தர்காவின் மீது நம்பிக்கை வைத்தவர்கள். வேறு போக்கிடம் அறியாதவர்கள். பிள்ளை நல்லபடியாக இருக்கட்டும் என்று மாதாமாதம் பணம் கட்டியவர்களும் அவர்களில் உண்டு. அந்தச் சங்கிலியில் இரக்கமும் கலந்திருந்தது என்பதை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது.

போவன்பள்ளி நிறுவனம் இதற்கு நேர்மாறான திசையில் போகிறது. பிள்ளையைக் காலமெல்லாம் அங்கே வைத்துக்கொள்வது அதன் வேலை அல்ல. வெளியூர்க் குடும்பங்கள் வளாகத்துக் குடியிருப்புகளில் சில நாட்கள் தங்கி, பிள்ளைக்கு எதை எப்படிக் கற்றுத்தருவது என்று தெரிந்துகொண்டு ஊர் திரும்ப வழி செய்திருக்கிறார்கள். சிறப்பாசிரியர்களையும் மறுவாழ்வு உளவியலாளர்களையும் பயிற்றுவிக்கிறார்கள். பச்சிளம் வயதிலேயே குறைபாட்டைக் கண்டறிந்து பயிற்சியைத் தொடங்குகிறார்கள்.

இந்தத் துறையில் சென்னைக்கும் பெருமைப்படத்தக்க பங்குண்டு. ஜெயச்சந்திரனும் விமலாவும் சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் உருவாக்கிய மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம் இந்தியா முழுவதும் சிறப்புப் பள்ளிகளில் புழங்குகிறது. வாழ்க்கைத் திறன்களை 18 பிரிவுகளாக்கி, பிரிவுக்கு 20 வீதம் 360 படிகளாக அது அடுக்கியிருக்கிறது. பிள்ளையால் என்ன முடியாது என்று பட்டியல் போடாமல், எதுவரை வந்திருக்கிறான், அடுத்த படி எது என்று பார்ப்பதுதான் அதன் சிறப்பு. டம்ளரைப் பிடிப்பது ஒரு படி. பொத்தானைக் கழற்றுவது ஒரு படி. பொத்தானைப் போடுவது அதற்கும் மேலே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தெரியலாம். பதினான்கு வயது மகள் மாதவிடாய் நாட்களில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுவிட்டாள் என்றால், அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய சுதந்திரம் எது?

உடலின் மீது யாருக்கு உரிமை என்ற கேள்வியும் இங்கேதான் எழுகிறது. இந்தக் கேள்விக்குப் பழைய உலகம் கொடுத்த பதில் கொடுமையானது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணை அறிவு மந்தமானவள் என்று முத்திரை குத்தி விடுதியில் அடைத்தார்கள். வளர்ப்புக் குடும்பத்தின் உறவுக்காரன் பலாத்காரம் செய்ததால் அவர் கர்ப்பமுற்றிருந்தார். அதையே அவருடைய ஒழுக்கக் கேடாகக் காட்டினார்கள். அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவருடைய கைக்குழந்தைக்கும் அதே முத்திரை. அந்தக் குழந்தை பின்னர் பள்ளியில் நன்றாகப் படித்து, சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றது. அமெரிக்கா முழுவதும் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல்.

நம் நாட்டில் அதே கேள்வி 2009இல் சண்டிகரிலிருந்து வந்தது. அரசுக் காப்பகத்தில் இருந்த அனாதைப் பெண் அவர். லேசான அறிவுசார் குறைபாடு உள்ளவர். அங்கேயே பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமானார். பாதுகாக்க வேண்டிய இடத்தில் பாதுகாப்பு இல்லை. கருவைக் கலைக்க அனுமதி கேட்டு நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு அந்தப் பெண்ணிடம் பேசியது. குழந்தையைப் பெற்று வளர்க்க விரும்புவதாக அவர் சொன்னார். அந்த விருப்பம் அறிக்கையில் பதிவாகியும் கலைக்கும்படியே உத்தரவு வந்தது. உத்தரவிட்டவர்களும் அவர் நலனைத்தான் நினைத்தார்கள்: இவளால் எப்படி ஒரு குழந்தையை வளர்க்க முடியும் என்ற கவலை.

ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், ஈரோட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பி. சதாசிவம், பி.எஸ். சவுகான் ஆகிய மூவர் அமர்வு அது. ஆகஸ்ட் 28 அன்று விரிவான காரணங்கள் வெளியாயின. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது. அவருக்குப் பதிலாக அரசு சம்மதம் தர முடியாது. இதுவே தீர்ப்பின் சாரம். தாயையும் சேயையும் கவனித்துக்கொள்ளத் தயார் என்று, அறிவுசார் குறைபாடு உள்ளிட்டோருக்காகச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை முன்வந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அந்த அறக்கட்டளையின் தலைவராக அப்போது இருந்தவர் பூனம் நடராஜன். ஊனமுற்ற மகனுக்குத் தாயாக இருந்து, சென்னையில் 1985இல் வித்யாசாகர் நிறுவனத்தைத் தொடங்கியவர். வேண்டாம் என்று மறுப்பது எளிது. வேண்டும் என்கிறவருக்குத் துணையாக நிற்க ஆள் வேண்டும், பணம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் பொறுப்பு வேண்டும். அந்தப் பெண்ணின் சொல் நிலைத்ததற்குத் தீர்ப்பு ஒரு காரணம் என்றால், இந்த உறுதிமொழி இன்னொரு காரணம். துணை இல்லாத சுதந்திரம் அவரை மறுபடியும் நடுத்தெருவில்தான் விட்டிருக்கும்.

இவர்கள் மீது நம் சமூகத்துக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. கோயில் வாசலில் காசு விழுகிறது. பிறந்தநாள் அன்று விடுதிகளுக்குப் பிரியாணி போகிறது. அந்தக் கைகளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த இரக்கம் பெரும்பாலும் தலைக்கு மேலாகவே பேசிக்கொள்கிறது. 'பையன் என்ன சாப்பிடுவான்?' என்று அம்மாவைக் கேட்போம். பக்கத்திலேயே நிற்கும் முப்பது வயதுப் பையனைக் கேட்க மாட்டோம். அவன் பதில் சொல்ல நேரம் எடுக்கும்; சில சமயம் கையால்தான் காட்டுவான். அந்த அரை நிமிடம் காத்திருப்பதில்தான் இரக்கம் நியாயமாக மாறுகிறது.

பெற்றோரின் பயம் வேறு மாதிரியானது. 'எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க?' அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி உறங்குவதில்லை. 1999இல் நாடாளுமன்றம் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கும் அதன் வரம்பில் அடங்கும். பதினெட்டு வயதுக்குப் பிறகும் பாதுகாவலர் தேவை என்றால் மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் அதில் உண்டு. கோர்ட்டு கச்சேரி என்று அலையாமல் இருக்க இது பெரிய உதவி.

இதற்கிடையே உலகின் எண்ணம் மாறியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா ஏற்றது. எல்லோருக்கும் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது அது. அதையொட்டி வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முழுப் பொறுப்பையும் ஒருவர் கையில் தூக்கிக் கொடுக்கும் பாதுகாவலர் முறையைக் குறுக்கி, வரம்புள்ள பாதுகாவலர் முறையைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரின் விருப்பத்தை ஒட்டி, இருவரும் கலந்து முடிவெடுப்பது என்பது அதன் கருத்து. 1999 சட்டமும் நடப்பில் இருக்கிறது. 2016 சட்டமும் இருக்கிறது. வங்கியில் கணக்கு தொடங்கப் போனால் பழைய பாணியில் பாதுகாவலர் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். பெற்றோரும் அதையே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கவுண்டரில் நிற்பவருக்குக் காரியம் நடக்க வேண்டும். இரண்டு சட்டங்களையும் இசைவிக்க வேண்டிய கடமை அரசுடையது. அது தள்ளிப்போகும் ஒவ்வொரு ஆண்டும், தன் பெயரில் கையெழுத்திடக் கற்றுக்கொண்ட ஒருவர் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் நிற்கிறார்.

நடைமுறையில் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். 2016 சட்டப்படி 40 சதவீத ஊனம் உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி உரிமை உண்டு. அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் ஒரு சதவீதம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவினருக்கு உரியது.

இன்னொன்றும் உண்டு, பல வீடுகளில் அதை யாரும் யோசிப்பதே இல்லை. மனநிலை சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தால் மட்டுமே வாக்காளர் பட்டியலில் ஒருவருக்கு இடம் மறுக்க முடியும் என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஊனச் சான்றிதழ் அப்படிப்பட்ட அறிவிப்பு ஆகாது. பதினெட்டு நிரம்பிய மகனுக்கோ மகளுக்கோ மற்ற பிள்ளைகளுக்குச் செய்தது போலவே படிவம் 6 நிரப்பிக் கொடுக்கலாம். நிரப்பும் முன் அவர்களையே பக்கத்தில் உட்காரவைத்து, ஓட்டுப் போட வருகிறாயா என்று கேட்கலாம்.